முற்றத்து மண் நிறத்தில் ஒரு சுவர்

முதலில் முற்றத்தில் இறங்குங்கள். குப்பை கூளம் இல்லாத ஓர் இடத்தில் மேல்மண்ணைத் தட்டிவிட்டு ஒரு சிரட்டை மண் அள்ளி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, லஞ்ச் சீற்றில் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ற் வாங்கப் போகும்போது கடைக்காரர் நீட்டுகிற நிற அட்டையை விட இந்தப் பொட்டலம்தான் உங்களுக்கு உதவப்போகிறது.

நான் இதைச் செய்யாமல்தான் போனேன். மண் நிறத்தில், கொஞ்சம் செம்மஞ்சளாக, சூடான நிறம் ஒன்று ஹோலுக்கு வேண்டும் என்று மட்டும் மனதில் இருந்தது. அட்டையில் தீப்பெட்டி அளவில் இருந்த ஒரு கட்டத்தைக் காட்டி "இது" என்றேன், மெசினில் கலந்து தந்தார்கள், வீட்டுக்கு வந்து அடித்து முடித்துப் பார்த்தால் தோடம்பழச் சோடாப் போத்தலுக்குள் குடியிருப்பது போல இருந்தது. அதுவும் மார்கழியில் அடித்தேன். தை பிறந்து பொங்கிச் சாப்பிட்டு இரண்டு கிழமை போகவில்லை, சுவரின் கீழ்ப்பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, விரலால் தட்டினால் வெள்ளைத் தூளோடு பெயின்ற் தோலாக உரிந்து வந்தது. நிறமும் பிழை, நேரமும் பிழை, சுவரைப் பார்க்காமல் அடித்ததும் பிழை. கீழே எழுதுவதெல்லாம் அதற்குப் பிறகு, வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற பாஸ் ஒருவரோடு கூட நின்று, ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டது.

நிறத்தைப் பிடிப்பது

செம்மஞ்சள் என்று நாங்கள் பொதுவாகச் சொல்வதற்குள் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று பழத்தின் நிறம், மற்றது மண்ணின் நிறம். மண்ணுக்குச் சிவப்பும் மஞ்சளும் இரும்பிலிருந்து வருகிறது. காய்ந்த மண்ணில் இரும்பு ஒட்சைட்டு ஒரு விதமாக இருந்தால் சிவப்பு, நீரோடு சேர்ந்து இன்னொரு விதமாக இருந்தால் மஞ்சள். சட்டி பானை, செங்கல், கோயில் மதிலுக்கு அடிக்கும் காவி எல்லாம் இதே குடும்பம். பெயின்ற் கடை மெசினில் கூட மஞ்சள் ஒட்சைட்டு, சிவப்பு ஒட்சைட்டு என்று தனித்தனிச் சாயங்கள் இருக்கும். உங்களுக்கு வேண்டிய நிறம் பெரும்பாலும் இந்த இரண்டிலும் இருந்தே வரவேண்டும், கூடக் கொஞ்சம் கறுப்போ கபிலமோ. பளிச்சென்ற செம்மஞ்சள் சாயத்தைப் போட்டுக் கலந்தால் அது பழத்தின் பக்கம் போய்விடும்.

இதில் அழகை விடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. இரும்பு ஒட்சைட்டுச் சாயம் வெயிலுக்கு இலேசில் மங்காது, சீமெந்தின் காரத்துக்கும் ஈடுகொடுக்கும், அடிச்சுவரையும் நன்றாக மறைக்கும். பளிச் செம்மஞ்சளுக்குப் போடும் சாயங்கள் பலதும் கண்ணாடித்தன்மை கூடியவை, மூன்று பூச்சு அடித்தும் கீழே இருக்கிற பழைய நிறம் தெரியும், யன்னல் வெயில் படுகிற இடம் சில வருசத்தில் வெளிறிவிடும். ஆகவே மண் நிறம் எடுப்பவர்களுக்குப் பெயின்றும் கொஞ்சம் மிச்சம்.

சரி, எந்த மண்? இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் எல்லா இடமும் ஒரே மண் இல்லை. வவுனியாப் பக்கம் செங்கபிலம், முழங்காவில் பக்கம் போனால் நல்ல சிவப்பு, வயற்காணிகளில் சாம்பலும் கறுப்பும். உங்கள் முற்றம் கறுப்பு மண் என்றால் ஒழுங்கைக்குக் கொட்டியிருக்கிற கிரவலில் ஒரு பிடி எடுங்கள், அதுவும் எங்கள் மண்தான். கடையில் அந்தக் காய்ந்த மண்ணை நிற அட்டைக்குப் பக்கத்தில் வைத்து, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ரியூப் லைற்றுக்குக் கீழே நின்று முடிவெடுக்க வேண்டாம். மண்ணோடு ஒத்துப்போகிற கட்டத்தைக் கண்டதும் அதை எடுக்காமல், அதை விட ஒரு படி மங்கலான, கொஞ்சம் சாம்பல் கலந்த கட்டத்தை எடுங்கள். ஏனென்றால் சின்னக் கட்டத்தில் அடக்கமாகத் தெரிகிற நிறம் பெரிய சுவரில் ஏறினால் கூடிக்கொண்டு போகும், எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்து தன்னைத் தானே இன்னும் ஏற்றிக்கொள்ளும். என்னுடைய சோடாப் போத்தல் கதைக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அப்படி எடுத்ததையும் நம்பி முழுவதும் வாங்காதீர்கள். கடையில் கலந்து தரக்கூடிய ஆகச் சின்ன டின் ஒன்றை வாங்கி, பிள்ளைகள் பள்ளிக்கூட வேலைக்கு வாங்குகிற வெள்ளைப் பிரிஸ்டல் போட்டில் இரண்டு பூச்சு அடித்துக் காயவிட்டு, அதைச் சுவரில் டேப்பால் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். காலை ஏழு மணி, நடு மத்தியானம், பின்னேரம் ஐந்து மணி, இரவு விளக்கில். நேரே சுவரில் சின்னச் சதுரமாக அடித்துப் பார்த்தால் பழைய நிறம் பக்கத்தில் இருந்து கண்ணை ஏமாற்றும், அதனால்தான் அட்டை.

இரவு விளக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் தொங்குகிற எல்ஈடி பல்ப் அநேகமாக 6500 கெல்வின் வெள்ளை, நீலம் ஓடிய வெளிச்சம். பகலில் உயிரோடு இருந்த மண் நிறம் அதற்குக் கீழே செத்த கபிலமாகத் தெரியும். பல்ப் பெட்டியில் 2700 அல்லது 3000 என்று போட்டிருக்கிற மஞ்சள் வெளிச்சத்தை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஒன்று மாட்டினால் நிறம் திரும்பி வரும். பெயின்ற் பிடிக்கவில்லை என்று திருப்பி அடிக்க முன் பல்ப்பை மாற்றிப் பாருங்கள்.

அந்த அட்டையை ஒட்டியபோது அம்மா குசினியிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: "நான் நாள் முழுக்கத் துடைச்சுக் கலைக்கிற புழுதியை நீ காசு குடுத்து டின்னிலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்."

அது உண்மைதான், அதுதான் இந்த நிறத்தின் பெரிய வசதியும். கிரவல் ஒழுங்கைக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் ஆடி மாதத்தில் வெள்ளைச் சுவர் என்ன பாடுபடும் என்று உங்களுக்குத் தெரியும்.

எந்தச் சுவர்

நாலு சுவரையும் அடிக்கவேண்டாம். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடுகளின் ஹோல் சிறியது. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா வாங்கிக் கட்டிய வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஹோலின் அளவை நான் சொல்லத் தேவையில்லை. சூடான நிறம் சுவரை முன்னால் இழுத்துக்கொண்டு வரும், நாலு பக்கமும் இழுத்தால் கதிரை போடவும் இடமில்லாதது போலத் தெரியும். ஒரு சுவர் போதும். மற்ற மூன்றும் பால் நிறம், அல்லது மஞ்சள் ஓடிய வெள்ளை. கண்ணைப் பறிக்கிற பிரகாச வெள்ளை வேண்டாம், மண் நிறத்துக்குப் பக்கத்தில் அது நீலமாகத் தெரியும்.

வாசலால் உள்ளே வருகிறவர் முதலில் பார்க்கிற சுவரை எடுங்கள், யன்னல் இல்லாத முழுச்சுவராக இருந்தால் நல்லது. யன்னல் உள்ள சுவரை எடுத்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்க நிறம் இருட்டாகிவிடும். யன்னலுக்கு எதிர்ச்சுவர் நல்லது, அதுவும் மேற்கு வெயில் சாய்ந்து உள்ளே வருகிற வீடாக இருந்தால் பின்னேரம் ஐந்தரைக்கு அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும். விறகு அடுப்பு இருக்கிற குசினியை விட்டுவிடுங்கள், புகை எந்த நிறத்தையும் தன் நிறமாக்கிவிடும். குளியலறைக்கு முதுகு காட்டும் சுவரையும் தவிர்க்கலாம், காரணம் கீழே வருகிறது.

எப்போது

பொங்கலுக்கு முதல் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பது எங்கள் வழக்கம், நான் அதைப் பிழை சொல்லவில்லை, ஆனால் ஐப்பசியில் தொடங்கிய மழை மார்கழியிலும் கொட்டிக்கொண்டிருக்க, சுவர் ஊறிப்போய் இருக்கும். மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் தெரியும், உள்ளே ஈரம். பொங்கலுக்கு வேண்டுமானால் கேற்றையும் யன்னல் கம்பியையும் அடித்து ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மாசிக்குப் பிறகுதான் சுவர் காய்கிறது. காலபோக நெல்லு வெட்டி, மூட்டையெல்லாம் ஹோலில் அடுக்கி, பிறகு விற்று, இடமும் கையில் கொஞ்சக் காசும் சேர்ந்து வருகிற பங்குனி மாதம்தான் என் கணக்கில் சரியான நேரம். சித்திரையில் பின்னேரங்களில் இடியோடு மழை திடீரென்று வரும். வைகாசியில் சோழகம் எழும்பிவிட்டால் புழுதிதான், ஈரப் பெயின்றில் புழுதி ஒட்டினால் சுவர் மண்தாள் மாதிரி வரும். அந்தக் காலத்தில்தான் அடிக்க முடியும் என்றால், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஆடி ஆவணியில் வந்து நின்று அவசரப்படுத்துவார்கள் தானே, விடியற்காலையில் காற்று எழும்ப முன் முற்றத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தொடங்கி, பத்து மணிக்கு முதல் முடித்துவிடுங்கள்.

புதிதாகப் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள் விடவேண்டும். புதுச் சீமெந்துப் பூச்சில் காரம் கூட, அது பெயின்றைப் பிடித்து நிறத்தைக் கெடுத்துத் தோலையும் கழற்றும். மழைக்காலத்தில் பூசிய சுவருக்கு 28 நாளும் போதாது.

சுவரைப் பார்ப்பது

இந்தப் பகுதியில்தான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். நான் இரண்டாம் தரம் செய்தபோது சுவரைச் சரிப்படுத்த ஐந்து நாள் போனது, பெயின்ற் அடிக்க ஒன்றரை நாள்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பொலித்தீன் துண்டை எடுத்துச் சுவரின் கீழ்ப்பக்கத்தில், நிலத்திலிருந்து ஓர் அடிக்குள், நாலு ஓரமும் காற்றுப் போகாதபடி டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். கழற்றிப் பார்க்கும்போது சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளி பூத்திருந்தால் உள்ளிருந்து ஈரம் வருகிறது. அடிக்க வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு காரணம் இருந்தது: கூரைக்குப் பீலி இல்லை, மழைத்தண்ணீர் சுவரடியில் நேராக விழுந்து தேங்கியது, அதோடு பூமரம் வைக்கிறோம் என்று வெளியே சுவரோடு ஒட்டிக் குவித்த மண், உள்நிலத்தை விட உயரமாக வந்துவிட்டது. மண்ணை வெட்டி இழுத்து, தண்ணீர் வெளியே ஓடுகிற மாதிரி சரிவு கொடுத்ததும் ஒரு மாதத்தில் சுவர் காய்ந்தது. குளியலறைப் பக்கத்துச் சுவர் என்றால் உள்ளே போகும் பைப்பில் கசிவு இருக்கலாம்.

ஈரத்தோடு கூடவே வருவது உவர். சுவரில் வெள்ளையாகப் பஞ்சு போலப் பூத்திருக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும் என்பார்கள், நான் வைத்துப் பார்க்கவில்லை. மண்ணிலும், மணலிலும், கட்டும்போது ஊற்றிய கிணற்றுத் தண்ணீரிலும் இருக்கிற உப்பு, ஈரத்தோடு சுவருக்குள் ஏறி, தண்ணீர் ஆவியாகப் போனபின் மேற்பரப்பில் படிகமாக நிற்கிறது. பெயின்றுக்குப் பின்னால் படிகம் வளர்ந்தால் பெயின்றைத் தள்ளிக் கொப்புளமாக்கும், என் சுவரில் நடந்தது அதுதான். இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். காய்ந்த பிறஷால் தட்டித் துடைத்து, விழுந்த தூளைக் கூட்டி வெளியே கொட்டி, ஒரு கிழமை விட்டு, திரும்பப் பூக்கிறதா என்று பாருங்கள். பூக்காமல் நின்ற பிறகுதான் அடுத்த வேலை. உவருக்கு மேலே அடிக்கிற விசேஷ பிறைமர், அதாவது பெயின்றுக்கு முதல் அடிக்கிற அடிப்பூச்சு, இருக்கிறது என்று யாராவது விற்றால், காரத்தைத் தாங்கும் பிறைமர் நல்லதுதான், ஆனால் ஈரம் ஏறுவதை அது நிறுத்தாது, கொப்புளத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடும்.

கறையான். மரக்கதவு நிலைக்குப் பக்கத்திலோ கூரை தொடும் மூலையிலோ மண்கோடு ஒன்று போகிறதா என்று பாருங்கள். கோட்டைத் தட்டிவிட்டு மேலே பெயின்ற் அடித்தால் அது அடுத்த மாதம் உங்கள் புது நிறத்திலேயே புதுக்கோடு போடும், மண் நிறச் சுவரில் கண்டுபிடிப்பதும் கஷ்டம். முதலில் மருந்து, பிறகு பெயின்ற்.

பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் உள்ளங்கையால் தேயுங்கள். கையில் வெள்ளை ஒட்டினால் அந்தச் சுண்ணாம்பு போகவேண்டும், சுரண்டியாலும் கம்பி பிறஷாலும் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். தூளின் மேல் அடித்த பெயின்ற் தூளோடுதான் விழும். மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கதவு யன்னலில் பழைய எனாமல் பெயின்ற் இருந்தால் அதைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், பழையவற்றில் ஈயம் இருக்கலாம், ஈரமாக்கித் தேய்த்து, சிறுபிள்ளைகளைத் தூரத்தில் வைத்திருங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதைத் தேய்க்கவும் சுரண்டவும் வேண்டாம்.

மயிர் போன்ற வெடிப்புகளுக்கு வோல் புட்டி போதும். அதை விடப் பெரிய குழிகளைப் புட்டியால் நிரப்பாதீர்கள், காய்ந்து சுருங்கி உள்ளே போகும். தூளைத் தட்டி, நனைத்து, சீமெந்தும் மணலும் குழைத்து இரண்டு தரமாக அடைத்துக் காயவிட்டு, மேலே மெல்லிசாகப் புட்டி இழுங்கள். பழைய கல்வீடுகளில் போரில் சன்னம் பட்ட குழிகளும் செல்லுச் சிதறல் பட்ட இடங்களும் இப்போதும் இருக்கின்றன, அவற்றுக்கும் இதே வேலைதான். பெரியம்மா வீட்டுச் சுவரில் எல்லாவற்றையும் அடைத்தோம், யன்னலுக்கு மேலே ஒன்றை மட்டும் விடச் சொன்னா. விட்டோம்.

புட்டி காய்ந்ததும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, சாய்வாக ரோர்ச் அடித்துப் பாருங்கள், மேடு பள்ளமெல்லாம் நிழலாகக் காட்டிக்கொடுக்கும். பிறகு தூளைத் துடைத்து ஒரு பூச்சு பிறைமர். பிறைமரை வெறும் வெள்ளையாக அடிக்காமல், அதில் வாங்கிய பெயின்றில் கொஞ்சம் ஊற்றிக் கலந்து அடித்தால் மேலே வருகிற நிறம் இரண்டு பூச்சில் நிறைந்துவிடும். இரண்டும் தண்ணீரில் கலக்கிற வகையாக இருந்தால் மட்டும்தான் இது சரி.

எவ்வளவு வாங்குவது

சுவரின் நீளத்தை உயரத்தால் பெருக்குங்கள். என்னுடையது 12 அடி நீளம், 10 அடி உயரம், 120 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு 240. சமமான சுவரில் ஒரு லீற்றர் இமல்சன் (தண்ணீரில் கலக்கிற சுவர்ப் பெயின்ற்) ஒரு பூச்சாக 100 முதல் 120 சதுர அடி வரை பிடிக்கும், கரடுமுரடான பூச்சு என்றால் 70, 80 என்று இறங்கும். ஆகவே இரண்டு லீற்றருக்கு மேல், மூன்றரைக்குள். 4 லீற்றர் டின் ஒன்று எடுத்தால் பிறைமருக்குக் கலக்கவும் பிறகு கீறல் விழுந்தால் தொட்டுவிடவும் மிஞ்சும். இரண்டு டின் தேவைப்படுகிற பெரிய சுவர் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஒரு பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலக்கிவிட்டு அடியுங்கள். மெசின் கலந்தாலும் டின்னுக்கு டின் ஒரு நூல் வித்தியாசம் வரும், சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியும். மினுங்கல் இல்லாத மட் வகையை வாங்குங்கள். மண் மினுங்காது. சிறுபிள்ளைகள் இருக்கிற வீடென்றால் கழுவக்கூடிய, இலேசான பளபளப்பு உள்ளதை எடுக்கலாம், ஆனால் சுவரின் மேடு பள்ளமெல்லாம் அதில் தெரியும்.

அடிப்பது

சாமான்களை நடுவில் இழுத்து மூடுங்கள். நிலத்துக்குத் தறப்பாள், இல்லாவிட்டால் வெட்டி விரித்த உரப்பை. தறப்பாளுக்கு எங்கள் ஊரில் வேறு ஞாபகங்கள் உண்டு, இருந்தாலும் பெயின்றுக்கு அதை விட நல்லது இல்லை. 9 அங்குல றோலர் ஒன்று, இரண்டு அல்லது இரண்டரை அங்குல பிறஷ் ஒன்று, தட்டு, மாஸ்கிங் டேப். புது றோலரை முதலில் கழுவிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முதல் பூச்சில் தும்பு ஒட்டும்.

டின்னை அடிவரை தடியால் கலக்க வேண்டும், ஒட்சைட்டுச் சாயம் பாரம், அடியில் போய் இருக்கும். தண்ணீர் டின்னில் எழுதியிருக்கிற அளவுக்கு மட்டும். எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம், எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் கல்லும் உவருமான தண்ணீர், குடிக்க வாங்குகிற வடிகட்டிய தண்ணீரில் அரை லீற்றர் எடுத்துக் கலந்தால் பிறகு சுவரில் உப்பைத் தேடவேண்டியதில்லை.

மேலிருந்து கீழே. முகட்டுக்கும் அடிப்பதாக இருந்தால் முதலில் அது, பிறகு சுவர், கடைசியில் கதவு யன்னல். சுவரில் முதலில் பிறஷால் ஓரங்களை இரண்டு அங்குலம் பிடித்து, அந்த ஓரம் காய முன்னரே றோலரால் சேர்த்துக்கொண்டு போகவேண்டும். எங்கள் வெயிலில் இது எழுதுகிற மாதிரிச் சுலபமில்லை, பெயின்ற் கை எடுக்க முன் காய்கிறது, காய்ந்த ஓரத்தின் மேல் திரும்ப ஓடினால் பட்டை பட்டையாக நிற்கும். அதனால் முழுச் சுவருக்கும் ஓரம் பிடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகாதீர்கள். மூன்றடி அகலம் ஓரம் பிடிப்பது, அந்த மூன்றடியை மேலிருந்து கீழ்வரை றோலரால் முடிப்பது, பிறகு அடுத்த மூன்றடி. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பிறஷ், ஒருவர் றோலர். ஃபானை நிற்பாட்டுங்கள். வேர்க்கும், என்ன செய்வது.

றோலரைப் பெயின்றில் தோய்த்துத் தட்டில் உருட்டி வழிவதை எடுத்துவிட்டு, கோணல் மாணலாக ஒரு தரம் பரப்பி, பிறகு மேலிருந்து கீழாக மெதுவாக ஒரே திசையில் இழுத்து முடியுங்கள். அமத்த வேண்டாம். முதல் பூச்சு காய்ந்ததும் திட்டுத் திட்டாக, ஐயோ என்று இருக்கும். பயப்படாமல் நாலு மணித்தியாலம் விட்டு இரண்டாவதை அடியுங்கள். காலையில் முதலாவது, வெயில் தாழ நாலு மணிக்கு இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் சரி. ஈரத்தில் தெரிகிற நிறத்தை நம்பவும் வேண்டாம், மழையில் நனைந்த முற்றமும் காய்ந்த முற்றமும் போலத்தான், காய்ந்த பிறகு வேறாக இருக்கும். டேப்பை இரண்டாவது பூச்சு முழுதாகக் காய முன் கழற்றுங்கள், காய்ந்தபின் இழுத்தால் பெயின்றும் கூட வரும்.

பக்கத்தில் என்ன வைப்பது

இதற்காக ஒன்றும் வாங்கத் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. முதிரைப் பலகையில் செய்த கதவோ அலுமாரியோ இருந்தால் அதற்கு நிறம் அடித்துக் கெடுக்காமல் வார்னிஷ் மட்டும் அடித்து விடுங்கள், முதிரையின் பொன்மஞ்சள் இந்தச் சுவருக்குப் பக்கத்தில் எழும்பி நிற்கும். பாலை மரத்தின் கருஞ்சிவப்பும் நல்லது. பனையோலைச் சாமான்கள், சாயம் போடாத வெள்ளோலைச் சுளகு, பெட்டி, இரண்டு மூன்றைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினால் போதும். அம்மா சுளகை மாட்ட விடவில்லை, அரிசி புடைக்க வேணுமாம், நீற்றுப்பெட்டிதான் கிடைத்தது. பச்சை இலை ஏதாவது ஒரு மூலையில், மணிபிளாண்ட் என்றாலும் சரி. திரைச்சீலை சாயமிடாத பருத்தி நிறம், அல்லது கடும் நீலம். சிவப்பும் மரூனும் வேண்டாம், எல்லாம் ஒன்றாகக் கலந்து போய்விடும்.

நிலம் பழைய சிவப்புச் சீமெந்து என்றால் மட்டும் யோசியுங்கள். சிவப்பு நிலமும் செம்மண் சுவரும் சேர்ந்தால் அறை பாரமாக இருக்கும், அப்படியான வீட்டில் சுவரை மஞ்சள் பக்கம் கூடுதலாகச் சாய்த்து எடுக்கலாம், அல்லது இரண்டுக்கும் நடுவில் நாலு அங்குலம் வெள்ளைப் பட்டி ஒன்று விடலாம்.

வெளியே ஒரு பட்டி

காசு குறைவு, உள்ளே அடிக்க இப்போது வசதியில்லை என்பவர்களுக்கு நான் சொல்வது இது. வெளிச்சுவரின் கீழ்ப்பக்கம் இரண்டரை, மூன்று அடி உயரத்துக்கு வீட்டைச் சுற்றி மண் நிறத்தில் ஒரு பட்டி. மழைத்துளி செம்மண்ணில் விழுந்து தெறித்து வெள்ளைச் சுவரை நாசமாக்குவது அந்த உயரத்துக்குத்தான். மண் வீடு இருந்த காலத்தில் திண்ணையையும் சுவரடியையும் மண்ணும் சாணமும் போட்டு மெழுகி வைத்ததும் இதே இடத்தில்தானே.

வெளிச்சுவருக்கான பெயின்றில் அடிக்கலாம், சீமெந்துப் பூச்சு மட்டும் இருக்கிற, பெயின்றே படாத சுவர் என்றால் சுண்ணாம்பிலேயே செய்யலாம். சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் சீலையில் வடித்து, பால் பதத்துக்கு வந்ததும் ஹார்ட்வெயரில் தூளாக விற்கிற மஞ்சள் ஒட்சைட்டும் சிவப்பு ஒட்சைட்டும் வேறாகத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். தூள் கூடினால் சுண்ணாம்புக்குப் பிடிப்புப் போய்க் கையில் ஒட்டும், நிறையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. காய்ந்ததும் நிறம் நன்றாக வெளிறும், அதனால் ஒரு கல்லில் அடித்துக் காயவைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கண்ணில் தெறித்தால் எரிக்கும், கண்ணாடி ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ற் அடித்த சுவருக்கு மேல் சுண்ணாம்பு நிற்காது, அதை முயல வேண்டாம்.

உள்ளே அடித்த சுவரை முதல் ஒரு மாதத்துக்கு ஈரத்துணியால் தேய்க்காதீர்கள், தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் அது முழுதாக இறுக நாள் எடுக்கும். மிஞ்சிய பெயின்றை ஒரு சின்னப் போத்தலில் நிறைய ஊற்றி, காற்று இல்லாமல் மூடி, கடையில் டின் மூடியில் ஒட்டித் தந்த கலவை எண்ணையும் அதில் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நான் வைத்திருந்தேன். போன கிழமை தேடிப் பார்க்க, துளசி மாடத்துக்கு அடித்து முடித்துவிட்டா அம்மா.